உள்ளூர் விடுமுறை: சொல் விளக்கம்

'லீவு போட்டேன்' என்பது நானாக எழுதிக்கொடுத்து வாங்குவது, அது விடுப்பு. 'லீவு விட்டுட்டாங்க' என்பது எல்லோருக்கும் சேர்த்துக் கிடைப்பது, அது விடுமுறை. போடு, விடு என்ற இரண்டு வினைகளால் பேச்சுத்தமிழ் அழகாகப் பிரித்துவிடுகிறது. குழப்புவது எழுத்தில்தான். தலைவர் மறைவுக்கு 'நாளை அரசு விடுப்பு' என்று போடுவது பிழை.

லீவுக்கு முன்பு தாத்தாக்கள் 'ரஜா' எடுத்தார்கள். உருது வழியே வந்த அரபுச் சொல். இசைவு என்று பொருள். கன்னடத்தில் இன்றும் விடுமுறை 'ரஜெ'தான்.

உள்ளூர் பழைய சொல். 'பயன்மரம் உள்ளூர்ப் பழுத்தற்றால்' (குறள் 216) என்ற இடத்தில் அது ஊர் நடுவே என்று பொருள்படும். ஆட்சியர் ஆணையிலோ உள்ளூர் என்பது ஒரு மாவட்டம் முழுக்க விரியும், சில வட்டங்களாகவும் சுருங்கும். ஐப்பசி சதயத்தில் ராஜராஜ சோழனுக்காகத் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு விடுவது இந்த வகை. அப்துல் கலாமின் உடல் ராமேசுவரம் பேக்கரும்பில் அடக்கமான 2015 ஜூலை 30 அப்படியல்ல. அன்று தமிழ்நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. கருணாநிதி மறைந்த மறுநாள், 2018 ஆகஸ்ட் 8-உம் அவ்வாறே.

'லோக்கல் ஹாலிடே' என்று ஆசிரியர்கள் சொல்வதற்கு உள்ளூர் விடுமுறையே போதும். ஆனால் அதை 'உள்ளூர்ப் பொது விடுமுறை' என்று நீட்டக் கூடாது. ஆணையின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்: இது செலாவணி முறிச் சட்டம், 1881-இன்படி அறிவிக்கப்பட்டது அல்ல என்று இருக்கும். கலெக்டர் விடும் லீவுக்கும், கடன் உறுதிச் சீட்டு, காசோலை போன்ற பத்திரங்களுக்கான இந்தச் சட்டத்துக்கும் (Negotiable Instruments Act) என்ன உறவு? பத்திரத்தின் தவணை நாள் பொது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலைநாளே தவணை என்கிறது அதன் 25-ஆம் பிரிவு. எது பொது விடுமுறை என்ற விளக்கமும் அங்கேதான் இருக்கிறது. முறி என்றால் எழுதிக்கொடுத்த பத்திரம். இலங்கையில் 'திறைசேரி முறி' இன்றும் நாளிதழ்ச் சொல்.

வங்கிகள் பார்ப்பது இந்தச் சட்டப்படியான விடுமுறையைத்தான். ஆகவே சதய விழா அன்று பள்ளி பூட்டியிருக்கும், வங்கி திறந்திருக்கும். கருவூலத்திலும் அவசர வேலைக்கு ஆள் இருப்பார்கள். பள்ளிக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள் என்பதும் பெரும்பாலும் அதே ஆணையில் இருக்கும்.