மூன்றாவது வாரத்தில் காணாமல் போகும் மெயில்கள்

"சார், யாரோ என் மெயிலை ஹேக் செய்துவிட்டார்கள். இன்பாக்ஸில் பழைய மெயில் ஒன்றுகூட இல்லை."

போனில் பேசியவர் மொழிபெயர்ப்பு வேலை செய்பவர். சொந்த டொமைன் பெயரில் மெயில் முகவரி வைத்திருக்கிறார். 11 ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் அனுப்பிய கோப்புகள், திருத்தங்கள், ஒப்புதல்கள் எல்லாம் அந்த ஒரு முகவரியில்தான் இருந்தன. பதற்றத்தில் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றியிருந்தார்.

"சென்ட் ஃபோல்டரைப் பாருங்கள். அதிலும் எல்லாம் போய்விட்டதா?" என்று கேட்டேன். பார்த்துவிட்டு, "இல்லை சார், அது அப்படியே இருக்கிறது" என்றார். இன்பாக்ஸில் கடைசி இரண்டு வாரத்து மெயில் மட்டும் இருந்தது. எனக்குப் பாதி நிம்மதி வந்தது. திருட வந்தவன் சென்ட் ஃபோல்டரை விட்டுவிட்டு, இரண்டு வாரக் கணக்குப் பார்த்து இன்பாக்ஸை மட்டும் துடைத்துவிட்டுப் போக மாட்டான். அடுத்து, புதிதாகக் கம்ப்யூட்டர் ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டேன். வாங்கியிருந்தார். உறவுக்காரப் பையன் அவுட்லுக்கில் மெயில் கணக்கைச் சேர்த்துக் கொடுத்திருந்தான். "ஆனால் அது நடந்து மூன்று வாரம் ஆகிறதே சார்?"

அந்த மூன்று வாரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

மெயில் மென்பொருளில் கணக்கைச் சேர்க்கும்போது பாப், ஐமேப் என்று இரண்டு வழிகள் வரும். பலர் அதை ஏதோ தொழில்நுட்பச் சமாச்சாரம் என்று நினைத்து, முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டுவிடுகிறார்கள். உங்கள் மெயில் எங்கே குடியிருக்கப் போகிறது என்பதை முடிவு செய்யும் கேள்வி அது. பாப் என்பதன் முழுப்பெயரிலேயே போஸ்ட் ஆபீஸ் இருக்கிறது. கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டால் தபால் நிலையத்தில் அதன் நகல் இருக்காது அல்லவா? பாப் முறையும் அப்படித்தான். 1984-இல் அது உருவானபோது இணைப்பு மெதுவாக இருந்தது, சர்வரில், அதாவது மெயிலை வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில், இடமும் குறைவு. இறக்கிக்கொண்டு சர்வரைக் காலி செய்வது அன்றைக்குச் சரியான ஏற்பாடு. ஐமேப் முறையை மார்க் கிரிஸ்பின் 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கினார். அதில் மெயில் சர்வரிலேயே இருக்கும். கம்ப்யூட்டர், போன், பிரவுசர் என எதில் திறந்தாலும் அந்த ஒரே பெட்டியைத்தான் பார்க்கிறோம்.

இன்றைக்கு யாரிடமும் ஒரே ஒரு கருவி இருப்பதில்லை. அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் ஐமேப் என்றுதான் சொல்கிறேன். பாப் முறையே தேவைப்படும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது ஏன் தேவை என்பது நன்றாகத் தெரிந்திருக்கும்.

சரி, மூன்று வாரக் கதைக்கு வருவோம். பழைய அவுட்லுக்கில் பாப் கணக்கைச் சேர்த்தால், சர்வரில் ஒரு நகலை விட்டுவைக்கவும் என்ற கட்டத்தில் டிக் இருக்கும். அதைப் பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடும். அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருக்கிறது: 14 நாளுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கவும். அதிலும் தொடக்கத்திலேயே டிக் போட்டிருக்கும். கணக்கைச் சேர்த்த அன்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். மறுநாளும் இருக்கும். 15-ஆம் நாள், முதல் நாளில் இறக்கிய பழைய மெயில் மொத்தமும் சர்வரிலிருந்து போய்விடும். போனில் திறந்தால் வெறுமை. அதற்குள் கணக்கைச் சேர்த்துக் கொடுத்தவரும் மறந்திருப்பார், சேர்க்கச் சொன்னவரும் மறந்திருப்பார். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் இரண்டு வாரம் விழுந்துவிடுவதால், எல்லோரும் ஹேக்கரைத் தேடுகிறார்கள். பாப் இன்பாக்ஸை மட்டுமே தொடும். சென்ட் ஃபோல்டர் தப்பியதற்குக் காரணம் அதுதான்.

இந்த இடத்தில் உங்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: மெயில் காணவில்லை என்றால் எதையும் நீக்காதீர்கள். பயத்தில் செய்யும் முதல் காரியம், "கணக்கை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்துப் பார்ப்போம்" என்பது. தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் கணக்கை நீக்கும்போது, மெயில்களையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். பாப் கணக்கில் அதை டிக் செய்தால், உலகத்தில் மிச்சமிருந்த ஒரே நகலை நீங்களே அழித்ததாகிவிடும். அதைவிட மோசம், கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்வது. இன்னொரு வாடிக்கையாளர் அப்படிச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். மெயில்தான் சர்வரில் இருக்கிறதே என்று நம்பியிருந்தார். அந்த டிஸ்க்கில் புது விண்டோஸ் ஏறி, ஒரு மாத வேலையும் மேலே எழுதப்பட்டிருந்தது. நான்கு நாள் முயன்றும் சில துண்டுகள்தான் கிடைத்தன. அவரிடம் அதைச் சொன்ன மாலையை நான் மறக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளரின் கம்ப்யூட்டரில் எதுவும் அழிந்திருக்கவில்லை. அவர் கொண்டுவந்ததும் முதலில் இணைய இணைப்பைத் துண்டித்தேன். அவுட்லுக்கை மூடிவிட்டு, பிஎஸ்டி கோப்பை வெளி டிஸ்க்கில் நகலெடுத்தேன். அவுட்லுக்கின் பாப் மெயில் முழுவதும் அந்த ஒரே கோப்பில்தான் இருக்கும். நகல் நல்லபடியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. பாப் கணக்கை ஐமேப் கணக்காக மாற்ற ஒரு பொத்தான் இருக்கும் என்று பலர் தேடுகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். பழைய மெயில்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் ஃபோல்டர்களுக்கு நகலெடுக்க வேண்டும், அவை தாமாகவே சர்வருக்கு ஏறும். அதற்கு முன் சர்வரில் இடம் போதுமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் பத்தாயிரம் மெயிலை இழுத்துப் போட்டால் பாதியில் நின்றுவிடும், எது ஏறியது எது ஏறவில்லை என்று பிறகு தெரியாது. ஆண்டுவாரியாகப் பிரித்து ஏற்றினேன்.

ஐமேப் போட்டுவிட்டால் கவலையில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. ஐமேப் பேக்கப் ஆகாது. ஒரே பெட்டி என்பதால் கம்ப்யூட்டரில் அழித்தால் போனிலும் போகும், போனில் அழித்தால் கம்ப்யூட்டரிலும் போகும். போனில் இடம் போதவில்லை என்று மெயில்களை அழித்தவர்கள், அலுவலகக் கம்ப்யூட்டரிலும் அவை போய்விட்டதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள். தனி நகல் ஒன்று வேண்டும். தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்கள் அதை மூடிவிட்டு, மெயில்களும் அமைப்புகளும் இருக்கும் அதன் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் நகலெடுத்தால் போதும். ஐமேப் கணக்காக இருந்தால், மெயில்களை முழுமையாகக் கம்ப்யூட்டரிலும் வைத்திருக்கும்படி அமைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அந்த ஃபோல்டரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இருக்கும். அவற்றைப் பூட்டும் பிரைமரி பாஸ்வேர்டை அமைப்புகளில் வைக்காவிட்டால், அந்த நகலைக் கையில் எடுப்பவர் அந்தப் பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் படிக்கலாம்.

அடுத்து பாஸ்வேர்டு. "பாஸ்வேர்டு சரியாகத்தான் கொடுக்கிறேன், ஆனாலும் தவறு என்கிறது" என்று ஜிமெயில் வைத்திருப்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள். வெறும் முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் பழைய வழியைக் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30-இல் நிறுத்தியது. மைக்ரோசாப்டும் தன் நிறுவனச் சேவையில் அதே ஆண்டு அக்டோபரில் அதை மூடத் தொடங்கியது. இப்போது மெயில் மென்பொருள் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து, கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தையே காட்டும். பாஸ்வேர்டை அங்கே கொடுக்கிறீர்கள். மென்பொருளுக்குக் கிடைப்பது ஒரு அனுமதிச் சீட்டு மட்டும்தான், வேண்டாம் என்றால் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் போய் அதை ரத்து செய்யலாம். கொஞ்சம் சுற்றுவழியாகத் தெரிந்தாலும் இது நல்ல ஏற்பாடு. இதைத் தவிர்க்க வழி தேடாதீர்கள்.

பழைய மென்பொருளில் அந்த ஜன்னல் வராவிட்டால், ஆப் பாஸ்வேர்டு என்ற 16 எழுத்துச் சொல்லை உருவாக்கிப் பயன்படுத்தலாம். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்த 16 எழுத்து கையில் இருந்தால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு குறுக்கே வராது. போனுக்கு ஓடிபி வராமலே உங்கள் மெயில் முழுவதையும் இறக்கிவிடலாம். உதவி செய்கிறேன் என்று போனில் யாராவது ஆப் பாஸ்வேர்டை உருவாக்கிப் படிக்கச் சொன்னால், இணைப்பைத் துண்டியுங்கள். என்னைப் போன்ற ஆள் நேரில் வந்து கணக்கைச் சேர்த்துக் கொடுத்தாலும், பாஸ்வேர்டை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நான் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அப்படிச் செய்யாதவரிடம் திரும்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சான்றிதழ் எச்சரிக்கை என்று ஒன்று வரும். சான்றிதழ் என்பது சர்வரின் அடையாள அட்டை. சர்வரின் பெயர் பொருந்தவில்லை, தொடரவா என்று கேட்கும். பத்தில் ஒன்பது பேர் "ஆம்" என்று தொட்டுவிடுகிறார்கள். சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. சர்வர் பெயர் என்று உங்கள் டொமைனைக் கொடுத்திருப்பீர்கள், ஆனால் சான்றிதழ், உங்கள் மெயிலுக்கு சர்வர் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பெயரில் இருக்கும். அந்த நிறுவனத்தின் பக்கத்தில் சொல்லியிருக்கும் பெயரையே போட்டால் எச்சரிக்கை நின்றுவிடும். நிரந்தர விலக்கு கொடுத்து வாயை மூடிவிட்டால், ஒருநாள் யாரோ உண்மையிலேயே நடுவில் புகும்போதும் மென்பொருள் பேசாமல் இருக்கும். பொது வைஃபையில் மெயில் பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

சர்வரில் எந்த வாசல் வழியாக நுழைவது என்று சொல்லும் போர்ட் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சரிபார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. பெறுவதற்கு ஐமேப் என்றால் 993, பாப் என்றால் 995. 143, 110 ஆகியவை பழைய எண்கள். அவற்றில் இணைப்பை மறைகுறியாக்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் இல்லாவிட்டால் பாஸ்வேர்டு திறந்த அஞ்சலட்டைபோலப் பயணிக்கும். பாதுகாப்பு என்ற இடத்தில் "எதுவும் இல்லை" என்று இருந்தால், மெயில் வந்தாலும்கூட அதை அப்படியே விடக் கூடாது.

"மெயில் வருகிறது, ஆனால் போக மாட்டேன் என்கிறது" என்ற புகாரும் அடிக்கடி வரும். பெறுவதும் அனுப்புவதும் இரண்டு தனி வேலைகள், பெரும்பாலும் தனித்தனி அமைப்புகள். அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-இல் வந்தபோது, அனுப்புகிறவர் யார் என்று கேட்கும் வழக்கமே அதில் இல்லை. பின்னால்தான் சேர்ந்தது. அதனால்தான் அவுட்லுக்கில் அனுப்பும் சர்வருக்கும் உள்நுழைவு தேவை என்று தனியாக ஒரு டிக் இருக்கிறது. அது விடுபட்டிருக்கும், இல்லையென்றால் போர்ட் 25 என்று இருக்கும். ஸ்பேமைத் தடுக்கப் பல இணைய நிறுவனங்கள் 25-ஐ அடைத்து வைத்திருக்கின்றன. 587 அல்லது 465 என்று மாற்றி, டிக்கையும் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

புதிய அவுட்லுக் பற்றி ஒரு வார்த்தை. அதில் வேறு நிறுவனத்தின் மெயில் கணக்கைச் சேர்த்தால், உங்கள் மெயில்களின் நகல் மைக்ரோசாப்டின் கிளவுடுக்கும் போகும். சேர்க்கும்போதே திரையில் அதைச் சொல்கிறது, நாம்தான் படிப்பதில்லை. பலருக்கு அது பிரச்சினையாக இருக்காது. வழக்கறிஞர், மருத்துவர், தணிக்கையாளர் போல அடுத்தவரின் ரகசியத்தைக் காப்பவர்கள் யோசித்துவிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

கணக்கைச் சேர்த்து முடித்ததும் நான் செய்யும் சோதனை இதுதான். கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் முகவரிக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். போனை எடுத்து இன்பாக்ஸில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போனில் சென்ட் ஃபோல்டரைத் திறந்து, அங்கேயும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாப் கணக்கில் அனுப்பிய மெயில் அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும், போனில் தெரியாது. தெரியாவிட்டால் கணக்கு எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று அன்றைக்கே திறந்து பாருங்கள், 14 நாள் ஓடிப்போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளரின் மெயில்கள் சர்வருக்கு ஏற இரண்டு இரவு ஆனது. பிஎஸ்டி கோப்பில் ஆண்டுக்கு எத்தனை என்று முதலிலேயே எண்ணி எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை அவர் தன் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆண்டாகச் சொல்ல, நான் தாளில் சரிபார்த்துக் கோடு போட்டேன். கடைசி எண்ணும் பொருந்தியது. பாப் கணக்கை நீக்கினேன். பிஎஸ்டி கோப்பின் நகல் இருக்கும் வெளி டிஸ்க்கை அவரிடமே கொடுத்துவிட்டேன்.