பீரோ சாவி பீரோவுக்குள்ள: ஒரு சர்வர் ரூம முழுசா அணைச்சு திரும்ப எழுப்புன கதை

எங்க தண்டையார்பேட்டை பக்கம் ஈபி மெயின்டனன்ஸ்னா காலைல 9ல இருந்து மதியம் 2 வரைக்கும் கரண்ட் இருக்காதுனு மொத நாளே சொல்லிடுவாங்க, வீட்ல மோட்டர போட்டு டேங்க ரொப்பி வெச்சிட்டா வேலை முடிஞ்சது. ஆபீஸ் சர்வர் ரூமுக்கு அதுவும் தேவையில்ல, யூபிஎஸ் இருக்கு, ஜென்செட் இருக்கு. ஆனா இந்த தடவ வந்தது வேற கேஸு. காசிமேட்டு பக்கமிருந்து வர்ற உப்புக்காத்து மெயின் பேனலையே அரிச்சு வெச்சிருந்தது, எலக்ட்ரீஷியன் அண்ணன் தொறந்து காட்டுனப்ப உள்ள செம்பு பட்டையெல்லாம் பச்ச பூத்து கெடக்குது. ஜென்செட் லைனும் அந்த பேனல் வழியாத்தான் வருது, யூபிஎஸ்ஸும் அதுல இருந்துதான். பேனல மாத்தணும்னா மொத்தமா இருட்டாக்கணும். ஏழு வருஷமா ஒரு நிமிஷம் கூட முழுசா அணையாத ரூம் அது.

"ஸ்விட்ச தட்டுனா முடிஞ்சது, இதுக்கு எதுக்கு தம்பி ரெண்டு வாரம் டைம் கேக்கற"ன்னாரு அண்ணன்.

சரி, உள்ள என்ன இருக்குனு மொதல்ல சொல்லிடறேன். ஆறு பெட்டி, அதாவது ஆறு பெரிய கம்ப்யூட்டர், அதுக்குள்ள 90 சர்வர். பழைய வண்ணாரப்பேட்ட ஸ்டோர் வீடு மாதிரி நெனச்சுக்கோங்க, ஒரே வீட்ல பத்து குடித்தனம், ஒரே கொழா, ஒரே மீட்டரு, ஆனா ஒவ்வொருத்தரும் தனி வீடுன்னுதான் பழகுவாங்க. வீட்டுக்காரர் இடத்துல இருந்து மெமரியையும் சிபியூவையும் பங்கு போட்டு குடுக்கற சாஃப்ட்வேருக்கு பேரு ஹைப்பர்வைசர், குடித்தனக்காரங்க பேரு விஎம், அதாவது வர்ச்சுவல் மெஷின். இவங்க சாமான் எதுவும் அந்தந்த ரூம்ல இருக்காது, எல்லாம் ஸ்டோரேஜுனு ஒரு பொது குடோன்ல இருக்கும். அதனாலதான் ஓடிட்டு இருக்கற ஒரு விஎம்ம அப்படியே ஒரு பெட்டில இருந்து இன்னொரு பெட்டிக்கு குடி மாத்த முடியுது, உள்ள வேலை பாக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது.

இத ஏன் சட்டுனு அணைக்க கூடாது? மெமரில இருக்கற ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெப்பாசிட்டர்ல இருக்கற சார்ஜ், அது ஒழுகிட்டே இருக்கும், அதனால சிப்பு சுமாரா 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவ மொத்தத்தையும் திரும்ப ரொப்பிக்கிட்டே இருக்கு. கரண்ட் போனா அவ்ளோதான். ஒரு புரோகிராம் "எழுதிட்டேன்"னு சொல்றது பல நேரம் ஆபரேட்டிங் சிஸ்டத்துகிட்ட குடுத்துட்டேன்னு அர்த்தம், அது ஸ்டோரேஜ மேய்க்கற கன்ட்ரோலர்கிட்ட குடுக்கும், அது கேஷ் மெமரில வாங்கி வெச்சிக்கிட்டு டிஸ்க்குக்கு அப்புறமா தள்ளும். கன்ட்ரோலர்ல இதுக்குனே பேட்டரி இருக்கும், ஆனா ஏழு வருஷ பேட்டரிய யாரு நம்பறது. அதனால ஒவ்வொரு விஎம்மையும் உள்ள இருந்து மரியாதையா "கட தெறந்தது போதும், ஷட்டர எறக்கு"னு சொல்லி அணைக்கணும், அப்பதான் கைல இருக்கறதெல்லாம் டிஸ்க்குல எறங்கும்.

அணைக்கறது இவ்ளோதான், பொறுமை இருந்தா போதும். எழுப்பறதுலதான் சூட்சமமே இருக்கு.

எங்க ரூம்ல எல்லா பெட்டியையும் மேய்க்கறது விசென்டர், அதுவே ஒரு விஎம். அதுக்கு பேர சொன்னா அட்ரஸ் சொல்ற டிஎன்எஸ் வேணும், அதுவும் ஒரு விஎம். யாரு உள்ள வரலாம்னு முடிவு பண்ற ஆக்டிவ் டைரக்டரி, விஎம். பாஸ்வேர்டெல்லாம் எழுதி வெச்ச ஃபைல் எங்க இருக்கு? ஃபைல் சர்வர்ல, அதுவும் விஎம்முதான்! பீரோ சாவிய பீரோவுக்குள்ள வெச்சு சாத்துன கதை. ஓடிட்டு இருக்கற வரைக்கும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கைய போட்டு நிக்கறாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல படுத்துட்டா மொதல்ல யாரு எழுந்து யார தூக்கி விடறது?

இதுல பெரிய கம்பெனியும் மாட்டியிருக்கு. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஆறு மணி நேரம் கிட்ட படுத்துது ஞாபகம் இருக்கா, மெயின்டனன்ஸ்ல விட்ட ஒரு கமாண்ட் அவங்க நெட்வொர்க்கையே அறுத்துடுச்சு, டிஎன்எஸ்ஸும் வெளிய எட்டல, சரி பண்ற டூல்ஸும் அதே நெட்வொர்க்க நம்பிதான் இருந்தது, கடைசில ஆளுங்க நேர்லயே போக வேண்டியதாச்சு. அதுக்கப்புறமும் எல்லாத்தையும் படார்னு ஆன் பண்ணல, பல பத்து மெகாவாட் லோடு ஒரே அடியா ஏறுனா எலக்ட்ரிக்கல் பக்கம் தாங்காதுனு யோசிச்சு யோசிச்சுதான் ஏத்துனாங்க.

நம்ம அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கும் இதே தலவலிதான், நிலக்கரிய அரைக்க, தண்ணிய தள்ள, காத்த ஊத எல்லாத்துக்கும் மொதல்ல கரண்ட் வேணும், வெளிய லைனும் செத்துப்போச்சுனா கரண்ட் குடுக்கற ஸ்டேஷன் கரண்டுக்கு காத்துக்கிட்டு நிக்கும். அப்ப ஒரு சின்ன டீசல் செட்ட வெச்சே கிளம்பக்கூடிய நீர் மின் நிலையமோ கேஸ் டர்பைனோ எங்கயாவது மொதல்ல எழுந்து இதுக்கு கை குடுக்கணும். பிளாக் ஸ்டார்ட்னு சொல்வாங்க.

அதனால எங்க பிளான்ல மொத கேள்வி, யார் தயவும் இல்லாம தானா எழக்கூடியது எது? பெட்டிங்க எழும், ஆனா பேர வெச்சு கூப்பிட முடியாது, ஐபி அட்ரஸும் ரூட் பாஸ்வேர்டும் வேணும். அத பேப்பர்ல பிரிண்ட் போட்டோம், ஆமா பேப்பர்தான். விசென்டர் எந்த பெட்டில இருக்குனு வேற தெரியணும், டிஆர்எஸ்னு ஒரு வசதி லோடு பாத்து அத அங்கயும் இங்கயும் தானாவே நகத்திட்டே இருக்கும், அத நிறுத்தி விசென்டரையும் டிஎன்எஸ்ஸையும் ஒண்ணாம் நம்பர் பெட்டில கட்டி போட்டோம். ஹெச்ஏனு ஒண்ணு இருக்கு, ஒரு பெட்டி செத்தா அதுல இருந்த விஎம்ம இன்னொரு பெட்டில எழுப்பிடும், நல்ல பையன்தான், ஆனா நாம அணைக்கற அன்னிக்கு அவன் எழுப்பிக்கிட்டே வருவான், அவனையும் தூங்க வெச்சிட்டோம்.

நான் பண்ணதுலயே உருப்படியான வேலைனா ஒரு வாரம் முன்னாடி ஒவ்வொரு பெட்டியா காலி பண்ணி, கரண்ட புடுங்கி போட்டு பாத்ததுதான், மத்த அஞ்சு பெட்டி லோட தாங்கிக்கும். நாலாம் நம்பர் பெட்டி எழுந்தப்ப தேதி பல வருஷம் பின்னாடி காட்டுது. மதர்போர்டுல காசு சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, கரண்ட் இல்லாதப்ப கடிகாரத்த ஓட்டறது அதான், அது எப்பவோ செத்துருக்கு, கரண்ட் இருந்த வரைக்கும் யாருக்கும் தெரியல. இதுல என்ன வில்லங்கம்னா எழற விஎம் பெட்டிய பாத்துதான் டைம் வெச்சிக்கும், ஆக்டிவ் டைரக்டரில லாகின் பாக்கற கெர்பரோஸுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல டைம் தள்ளி இருந்தா ஆளயே சேத்துக்காது. ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லற காசுக்கு கெடைக்கற பேட்டரிக்காக மொத்த ஆபீஸும் லாகின் ஆகாம நின்னுருக்கும். பெட்டிங்கள இணைக்கற நெட்வொர்க் ஸ்விட்ச்சுங்களையும் தோண்டுனோம், ரெண்டுல ஓடிட்டு இருந்த கான்ஃபிக், அதாவது செட்டிங்ஸ், சேவ் பண்ணவே இல்ல, அணைச்சிருந்தா நாலு வருஷ மாத்தம் போயிருக்கும்.

பேனல் மாத்துன அன்னிக்கு வரிசையா அணைச்சது வெப், அப்ளிகேஷன், டேட்டாபேஸ், ஃபைல் சர்வர், விசென்டர், கடைசில டிஎன்எஸ்ஸும் ஆக்டிவ் டைரக்டரியும், அப்புறம் பெட்டிங்க, ஸ்டோரேஜ், ஸ்விட்ச். எழுப்பறப்ப அப்படியே தலைகீழ், ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி ஏசி, அதோட கம்ப்ரசர் சட்டுனு ஓடாது, சில நிமிஷம் எடுத்துக்கும். ஸ்டோரேஜ்ல டிஸ்க் அடுக்கி வெச்ச தட்டுங்கள மொதல்ல ஆன் பண்ணணும், கன்ட்ரோலர் அப்புறம். நின்னு போன டிஸ்க்க 7200 ஆர்பிஎம்முக்கு சுத்த வைக்க, ஓடறப்ப எடுக்கறத விட ரெண்டு மூணு மடங்கு கரண்ட் வேணும், அதான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறது. ஸ்டோரேஜ் முழுசா ரெடினு சொல்ற வரைக்கும் பெட்டிங்கள தொடவே கூடாது, குடோன் பூட்டிருந்தா குடித்தனக்காரங்க எவனையும் காணோம்னுதான் பெட்டி சொல்லும். அந்த பதினஞ்சு நிமிஷம் இருக்கே, அப்பப்பா, அண்ணன் ரெண்டு டீ வாங்கிட்டு வந்து குடுத்துட்டு "எரியுதா, எரியுதா"னு லைட்டையே பாத்துட்டு நின்னாரு.

ரெண்டு டிஸ்க் எழவே இல்ல, ஏழு வருஷம் நிக்காம சுத்துனது நின்னப்பறம் மக்கர் பண்ணும்னு எதிர்பாத்ததுதான், ஸ்பேர் கைல இருந்தது, மாத்திட்டோம். மத்ததெல்லாம் பேப்பர்ல இருந்த வரிசைப்படி சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எழுந்துடுச்சு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல தட்டாம அஞ்சு அஞ்சா விட்டோம், இல்லன்னா 90 பேரும் ஒரே கொழால தண்ணி புடிக்க வந்த மாதிரி ஸ்டோரேஜ் திணறிடும்.

திங்கக்கெழம காலைல பாத்தா கேட்ல பெரிய க்யூ. விரல் வைக்கற அட்டெண்டன்ஸ் மெஷினுக்கு ஒரு தனி விஎம் இருந்திருக்கு, அது எவன் லிஸ்ட்லயும் இல்ல. பெட்டிங்கள அடுக்கி வெச்ச ராக்கோட கதவு உள்பக்கம் ஒட்டின பேப்பர்ல அத பேனாவால 91ஆவது வரியா எழுதி விட்டேன்.