"இதுல கெமிக்கலே இல்லை டாக்டர்"

இந்த ஐப்பசி மழையில் இதே கதையோடு வந்த நான்காவது பறவை அது. மூன்று வயது ஆண் காக்கடீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி). எடை 71 கிராம். ஆறு மாதம் முன்பு இதே தராசில் 92. கூண்டுக்கு அடியில் விரித்த செய்தித்தாளையும் மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள் (எல்லோரும் இதைச் செய்தால் என் வேலை பாதியாகும்). எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி பச்சை கலந்த மஞ்சளாக இருந்தது. முதல் சந்தேகம் ஈரல்மேல்தான்.

என்ன தீனி என்று கேட்டதும் அந்த அம்மா பெருமையாக ஒரு ஜிப் கவரை நீட்டினார். வாட்ஸப்பில் ஆர்டர் செய்த பெல்லட் (தானியத்தை அரைத்துச் சேர்த்துப் பிடித்த குச்சித் தீனி). மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, முருங்கைக்கீரை, மஞ்சள் என்று ஒட்டியிருந்தது. தயாரித்த தேதி இல்லை. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். நடுவில் மெத்தென்று ஈரம், காறல் வாடை.

"இதுல கெமிக்கலே இல்லை டாக்டர்."

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கடலையிலும் சோளத்திலும் வரும் பூசணம் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்றொரு நஞ்சை உண்டாக்கும். அதை யாரும் ஃபாக்டரியில் கலப்பதில்லை, சுத்தமான இயற்கைச் சரக்கு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தது இப்படிக் கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கால்தான். "அடுப்பில் நல்லா சுட்டுத்தான் தர்றாங்க" என்பார்கள். சுட்டால் பூசணம் சாகும். அது விட்டுப்போன நஞ்சு வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அசையாது. "பூசணம் ஒன்றும் தெரியலையே?" அரைத்து மாவாக்கிய பிறகு எப்படித் தெரியும்? ஈரம் சரியாகப் போகாத தீனியில் கெடாமல் காக்கவும் எதுவும் சேர்க்கவில்லை என்றால், மழைக்காலத்தில் அது பெருமைப்பட வேண்டிய விஷயமே இல்லை.

விற்பவர்கள் பெரும்பாலும் பறவைப் பிரியர்கள்தான், மோசடிக்காரர்கள் இல்லை. ஆனால் நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர் சோள லோடு வந்தால் மாதிரி எடுத்து அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவன ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். கிலோவுக்குப் பல மடங்கு விலை வாங்குபவர் ஒரு தடவையாவது அனுப்பினாரா? கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் வாங்காதீர்கள். முட்டைக்கோழித் தீவனத்தை அரைத்துக் கலர் சேர்த்து விற்பவர்களும் உண்டு. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து முட்டையிடாத பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அதற்காக மறுபடி வெறும் தினைக்கே போய்விடாதீர்கள், அதில் போதுமான வைட்டமின் ஏ கிடையாது. தேதி போட்ட பாக்கெட்டாக, சின்னதாக வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வாடை மாறினால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். தீனியை ஒரே நாளில் மாற்றவே கூடாது; சில பறவைகள் புதிதைத் தொடாமல் பட்டினி கிடந்தே போய்விடும். சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள், தயவுசெய்து. பறவை நோயை மறைக்கும், எடையை மறைக்க முடியாது.

அந்தக் காக்கடீல் இன்னும் மருந்தில்தான் இருக்கிறது. போன வாரம் 76 கிராம். மீதி பெல்லட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வீணாக்க மனசு வராமல் மொட்டை மாடியில் புறாக்களுக்குப் போட்டுவிட்டார்களாம்.