அவசர ஆபரேஷனும் கால் ரத்தக்குழாயில் உறையும் ரத்தமும்

குடலில் ஓட்டை விழுந்து நள்ளிரவில் வருகிறவருக்குப் பெரும்பாலும் இரண்டு நாளாக வயிற்றுவலி இருந்திருக்கும். வாந்தியில் உடம்பின் நீர் வற்றியிருக்கும். சுருண்டு படுத்தே கிடந்திருப்பார். வயிற்றில் பரவிய கிருமித்தொற்று ரத்தத்தை எளிதில் உறையும்படி மாற்றியிருக்கும். நாங்கள் கத்தி வைக்கும் முன்பே, அவர் கால்களின் ஆழமான ரத்தக்குழாய்களில் ரத்தம் கட்டுவதற்கான சூழல் தயாராகிவிடுகிறது. அந்த ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகலாம்.

தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனில் எதையும் முன்கூட்டியே சரிசெய்ய அவகாசம் உண்டு. அவசர ஆபரேஷனில் அது கிடையாது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கு ஆபத்து விழுந்த நிமிடத்திலேயே ஆரம்பிக்கிறது. எக்கோ என்ற இதய ஸ்கேன், இதய மருத்துவரின் அனுமதி, பணம் புரட்டுவது என்று ஆபரேஷன் தள்ளிப்போனால், காத்திருக்கும் அந்த நாட்களுக்கும் தடுப்பு தேவை. "ரத்தம் கட்டாமலிருக்க ஊசி உண்டா, எப்போது தொடங்குவீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். இதற்கான எனாக்ஸபாரின் ஊசி பலருக்கும் தினம் 40 மில்லிகிராம் போடப்படும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு மாறும். முதுகில் மயக்க ஊசி போடுவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே 12 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதால் நேரம் பார்த்துத்தான் கொடுப்போம். வயிற்றில் ஊசி போட்ட இடம் கொஞ்சம் நீலம் பாரித்தால் பயப்பட வேண்டாம். மூளையில் ரத்தக்கசிவு போன்ற நிலையில் ஊசிக்குப் பதிலாக, கால்களை அவ்வப்போது அழுத்தித் தளர்த்தும் காற்றுப்பை கட்டுவோம்.

ஊசியைவிட வார்டில் நான் அதிகம் போராடுவது நடக்க வைக்கத்தான். மறுநாள் காலையில் எழுந்து உட்காரச் சொன்னால், "தையல் பிரிஞ்சிடும் டாக்டர், ரெண்டு நாள் போகட்டும்" என்பார்கள் வீட்டார். அவ்வளவும் பாசம்தான். ஆனால் கெண்டைக்கால் சதை இறுகி விரியும்போதுதான் காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுகிறது. அசையாமல் கிடந்தால் தேங்கிவிடும். நடப்பதால் தையல் பிரியாது. இருமும்போது சின்னத் தலையணையால் வயிற்றை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும். எழவே முடியாதவர்கள் பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டட்டும். அப்புறம், தண்ணீர் குடித்தால் புண் சீழ் பிடிக்கும் என்பது உண்மையல்ல. வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, சூடு, இவை தெரிந்தால் உடனே சொல்லுங்கள். தயவுசெய்து எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். உள்ளே கட்டி இருந்தால் அது நகர்ந்துவிடலாம். திடீரென மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, சளியில் ரத்தம், மயக்கம் எல்லாம் நுரையீரல் அடைப்பின் அடையாளங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. வீடு திரும்பிய பல வாரங்கள் கழித்தும் ரத்தக்கட்டி வரலாம். இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து வாரம் வரையிலும், வயிற்றுப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு வாரம் வரையிலும் தடுப்பு மருந்து எழுதித் தருவதுண்டு. செலவை நினைத்து நடுவில் நிறுத்துவதானால் முதலில் எங்களிடம் பேசுங்கள். கருத்தடை மாத்திரையோ, விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையோ சாப்பிட்டிருந்தால் அவசரப் பிரிவிலேயே சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இப்படிக் கட்டி வந்திருந்தால் அதையும்.