அச்சகத்துக்குப் போகாத லோகோ

நூறு பக்க மலர் ஒன்றை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்து முடித்து, அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிய அப்பாவிகளில் நானும் ஒருவன். அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது: "சார், லோகோக்கள் எல்லாம் மங்கலாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் கேள்விக்குறி காட்டுகிறது."

'பிளேஸ்' கட்டளை கொடுத்து ஒரு படத்தைப் பக்கத்தில் வைக்கும்போது, அதன் முன்னோட்டம் மட்டுமே உள்ளே வருகிறது. மூலக் கோப்பு எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற முகவரியை இன்டிசைன் குறித்துவைத்துக்கொள்கிறது. பிடிஎஃப் ஆக்கும்போது அந்த முகவரிக்குப் போய் அசலை எடுத்து வரும். என் பென் டிரைவில் முகவரி இருந்தது, வீடு இல்லை.

இந்த ஏற்பாட்டால் லாபமும் உண்டு. நாற்பது பக்கங்களில் இருக்கும் லோகோவின் நிறத்தை மாற்ற வேண்டுமா? அதை வரைந்த மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் மூலத்தை ஒருமுறை திருத்திச் சேமித்தால் போதும். இணைப்புப் பட்டியலில் மஞ்சள் முக்கோணம் தோன்றும். புதுப்பித்தால் நாற்பது இடங்களிலும் மாறிவிடும்.

திரையில் விளிம்பு பிசிறடிக்கும் லோகோ, அச்சில் கத்தி வெட்டியது போல வருவதும் இதனால்தான். அசல் லோகோ ஒரு வெக்டார் படம்; புகைப்படம் போல அதில் நிறப் புள்ளிகள் நிரப்பப்பட்டிருக்காது. கோடு போடும் கணக்கு மட்டுமே இருக்கும். ஒரு வளைவுக்கு நான்கு புள்ளிகள் போதும்: இரண்டு முனைகள், வளைவை இழுத்துப் பிடிக்க இரண்டு. பிரான்சில் ரெனோ, சித்ரோயன் கார் நிறுவனங்களில் பணியாற்றிய பெசியேவும் டி காஸ்டெல்ஜோவும் கார் உடலின் வளைவுகளுக்காக உருவாக்கிய கணிதம் அது. கணக்கு என்பதால் விசிட்டிங் கார்டுக்கும் விளம்பரப் பலகைக்கும் ஒரே கோப்பு போதும்.

ஆனால் ஒரு மென்பொருளின் கணக்கு இன்னொன்றுக்கு எப்படிப் புரிகிறது? இந்த மென்பொருள்களைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம், பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை 1984இல் வெளியிட்டது. அந்த மொழியில் எழுதிய இபிஎஸ் படத்தை அன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களால் திரையில் வரைந்துகாட்ட முடியவில்லை. அதனால் கோப்போடு ஒரு சின்ன முன்னோட்டப் படத்தை ஒட்டி அனுப்பினார்கள்.

இல்லஸ்ட்ரேட்டர் இன்று சேமிக்கும் ஏஐ (.ai) கோப்பு இன்னும் தந்திரமானது. 2000இல் வந்த இல்லஸ்ட்ரேட்டரின் ஒன்பதாம் பதிப்பிலிருந்து அது ஒரே உறையில் இரண்டு கடிதங்கள். ஒன்று இல்லஸ்ட்ரேட்டருக்கு மட்டும் புரியும் அந்தரங்கத் தரவு. மற்றது ஊருக்கெல்லாம் புரியும் பிடிஎஃப். இன்டிசைன் படிப்பது இரண்டாவதை மட்டுமே. கோப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று சேமிக்கும்போது பிடிஎஃப் பொருத்தத்துக்கான தேர்வை நீக்கிவிட்டால், பக்கத்தில் படம் வராது. பிடிஎஃப் இல்லாமல் சேமித்திருக்கிறீர்கள் என்ற ஆங்கில அறிவிப்புதான் வரும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் ஏஐ கோப்பைத் திறப்பதும் இந்தப் பிடிஎஃப் பகுதியின் தயவில்தான்.

வெட்டி ஒட்டுவது வேறு கதை. இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து காப்பி செய்து இன்டிசைனில் ஒட்டினால் இணைப்பே உருவாகாது. படம் அந்தப் பக்கத்தின் சொந்தக் கோடுகளாகிவிடும், அல்லது உட்பொதிந்துவிடும். மூலத்தில் நீங்கள் செய்யும் திருத்தம் அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு சின்ன அம்புக்குறிக்கு இது பரவாயில்லை, லோகோவுக்குக் கூடாது.

இணைத்த படம் தன் தனி மைகளையும், அதாவது வழக்கமான நான்கு மைகளுக்கு மேல் தனியாகக் கலந்து அச்சிடும் நிறங்களையும், கூட்டி வரும். ஒரே சிவப்புக்கு இரண்டு கோப்புகளில் இரண்டு பெயர் வைத்திருந்தால், அச்சில் இரண்டு பிளேட் (அச்சுத் தகடு). காசு உங்களுடையது.

அச்சகத்துக்கு அனுப்ப 'பேக்கேஜ்' கட்டளை இருக்கிறது. பக்கக் கோப்பு, இணைத்த படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துத் தரும். அதிலும் ஓர் ஓட்டை உண்டு: ஏஐ படத்துக்குள் தட்டிய எழுத்துகளின் எழுத்துருவை அது பொதுவாக நகலெடுக்காது. பிடிஎஃப் பகுதியில் எழுத்துரு பொதிந்திருப்பதால் அச்சில் குறை தெரியாது. கடைசி நேரத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த அச்சகத்தில் அந்த ஏஐ கோப்பைத் திறக்கும்போதுதான் தெரியும். அதுவும் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால், 'அம்மா' என்ற இடத்தில் ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். அதனால் இப்போதெல்லாம் எழுத்தைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோடுகளாக, மாற்றிய பிரதியையே இணைக்கிறேன். திருத்தக்கூடிய மூலத்தை வேறு பெயரில் வைத்துக்கொள்கிறேன்.