அட்டாமிக் ஆப்பரேஷன்: பகாச்செயல்

பல இழைகள் (த்ரெட்; நிரலுக்குள் தனித்தனியே ஓடும் பணித்தொடர்) ஒருசேர ஓடும் நிரலில், ஓர் இழை செய்யும் மாற்றத்தின் அரைகுறை நிலையை வேறெந்த இழையும் காணவோ இடையில் புகுந்து கலைக்கவோ முடியாதபடி முழுதாக நடந்தேறும் செயலே அட்டாமிக் ஆப்பரேஷன். 'வெட்ட முடியாதது' என்று பொருள்படும் 'அடொமொஸ்' என்ற கிரேக்கச் சொல்லே இதன் வேர்.

உடன்குடிக் கருப்பட்டி விற்கும் கடையொன்றுக்கு நெல்லை டவுனிலும் பாளையங்கோட்டையிலும் கவுண்டர்கள் உள்ளன. இரண்டின் பில்களையும் ஒரே சர்வரில் தனித்தனி இழைகள் போடுகின்றன என்று கொள்வோம். கிட்டங்கி இருப்பு 100 சிப்பம். டவுனில் 3, பாளையில் 5 ஒரே சமயத்தில் விற்கின்றன. கழித்தல் நிரலில் ஒற்றை வரிதான் என்றாலும், நினைவகத்திலிருந்து படித்தல், கழித்தல், திரும்ப எழுதுதல் என்று அது மூன்று வேலைகளாகப் பிரியக்கூடியது. இரு இழைகளும் 100 என்றே படித்துவிட்டால், டவுன் இழை எழுதிய 97-இன் மேல் பாளை இழை 95 என்று எழுதிவிடும். 92 இருக்க வேண்டிய கணக்கில் இல்லாத மூன்று சிப்பம் நிற்கும். ஜாவா மொழியில், ஓர் இழை எழுதிய மதிப்பு மற்ற இழைகளுக்கும் தெரியும்படி மாறியை வோலட்டைல் என்று அறிவித்தாலும் இப்பிழை தீராது, ஏனெனில் படித்தலும் எழுதுதலும் தனித்தனியே பிளவுபடாமல் இருந்தாலும் அவற்றுக்கு நடுவே இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. இன்டெல், ஏஎம்டி கணினிகளின் எக்ஸ்86 வகைச் செயலிகளில் லாக் முன்னொட்டுப் பெறும் ஆணைகளும், சி, சி++ மொழிகளின் 2011 தரநிலைகளில் வந்த அட்டாமிக் வகைகளும் அந்த இடைவெளியை அடைப்பவை.

இதனை 'அணுச்செயல்' என்று பெயர்ப்பது பொருந்தாது. கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கும் நெல்லை மாவட்டத்தில் அணு என்றதும் நினைவுக்கு வருவது அணுவைப் பிளந்து பெறும் ஆற்றல். நமக்கு வேண்டியதோ பிளவுபடாமை. நன்னூல் பகுக்க இயலாத சொல்லைப் பகாப்பதம் என்கிறது. பள்ளிக் கணக்கில் பகா எண் உண்டு. ஆகவே 'பகாச்செயல்' என்பதே தக்கது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாதலால் வல்லினம் மிகும். பகா மாறி, பகாக் கழித்தல் என்று சொற்களை வளர்க்கவும் இது இடம் தருகிறது.

ஆயினும், இருப்புப் போதுமா என்று பார்ப்பது ஒரு பகாச்செயலாகவும் கழிப்பது மற்றொரு பகாச்செயலாகவும் அமைந்தால், இரண்டுக்கும் நடுவே இன்னொரு பில் புகுந்து இருப்பை எதிர்ம எண்ணாக்கிவிடும். அங்கே ஒப்பிட்டு மாற்றும் ஒற்றைப் பகாச்செயலையோ, ஒரு சமயத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் பூட்டையோ கையாள வேண்டும்.