ஈவிங் சார்கோமா: முதல் எம்ஆர்ஐய பத்திரமா வைங்க

ரேடியேஷன் குடுக்கணும்னு சொன்னதும் நிறைய அப்பா அம்மா கேக்குறது, "அப்போ ஆபரேஷன் பண்ண முடியாத அளவுக்கு முத்திப்போச்சா டாக்டர்?" அப்படி இல்லங்க. ஈவிங் சார்கோமா எலும்புல வர்ற அரிதான கேன்சர், பெரும்பாலும் 10லேந்து 20 வயசுக்குள்ள வரும், ராத்திரி வலி, வீக்கம், சில சமயம் காய்ச்சல்னு ஆரம்பிக்கிறதால விளையாட்டுல பட்ட அடின்னோ எலும்புல சீழ்னோ நெனச்சு மாசக்கணக்குல போயிடும். 1921ல ஜேம்ஸ் ஈவிங் இத தனி நோயா எழுதும்போதே கதிர்வீச்சுக்கு இது நல்லா கரையுதுன்னு கவனிச்சிருந்தாரு. அதனால இடுப்பெலும்பு, முதுகெலும்பு மாதிரி முழுசா வெட்டி எடுக்க கஷ்டமான இடத்துல குணப்படுத்துறதுக்குன்னே ரேடியேஷன் குடுக்குறோம்.

மொதல்ல கீமோ, சில மாசம் போகும். அதுல கட்டி சுருங்கிடும், சந்தோஷம்தான், ஆனா நாங்க பிளான் போடுறது சுருங்கின கட்டிய மட்டும் பாத்து இல்ல, ஆரம்பத்துல எலும்புக்குள்ள எதுவரைக்கும் இருந்துச்சோ அது பூராவும் கவர் ஆகணும். கீமோவுக்கு முன்னாடி எடுத்த எம்ஆர்ஐ தான் அதுக்கு ஆதாரம். ஆஸ்பத்திரி மாறி வர்றவங்க ரிப்போர்ட் பேப்பர மட்டும் கொண்டு வர்றாங்க, பேப்பர வச்சு கதிர் படவேண்டிய இடத்துக்கு கோடு போட முடியாதுங்க, ஸ்கேன் படம் பதிஞ்ச சிடி டிஸ்க்கோட வேணும், தயவுசெஞ்சு ரெண்டு காப்பி எடுத்து வைங்க.

ஆபரேஷன் இல்லாம ரேடியேஷன் மட்டும்னா வழக்கமா 55.8 கிரே (கதிர்வீச்ச அளக்குற அலகு), ஒரு நாளைக்கு 1.8, அதாவது 31 நாள், வாரத்துக்கு அஞ்சு நாள். வெளியிலேந்து குடுக்குற கதிர் உடம்புல தங்காது, புள்ளைய தாராளமா கட்டிப்பிடிச்சுக்கலாம். நடுவுல மட்டும் காரணமில்லாம நிறுத்தாதீங்க.

வளர்ற எலும்புங்கிறதுதான் எங்களுக்கு பெரிய கவலை. வளர்ச்சித் தட்டுல, அதாவது எலும்பு நுனிக்கிட்ட நீளமா வளர்ற இடத்துல பட்டா அந்த கால் கட்டையாகலாம், முதுகெலும்புல பாதில மட்டும் பட்டா வளரும்போது கோணிக்கும், அதனால சின்னப் புள்ளைங்களுக்கு அந்த எலும்பு முழுசுக்கும் சமமா போற மாதிரி பாப்போம், கை கால்னா சுத்திவர குடுக்காம ஒரு பக்கம் பட்டையா கதிர் படாம விட்டுடுவோம், இல்லன்னா பிற்காலத்துல அந்த கை கால் வீங்கிக்கும். பல வருஷம் கழிச்சு அதே இடத்துல வேற கேன்சர் வர சின்ன வாய்ப்பு இருக்கு, அதனால குணமான பிறகும் செக்கப்ப விடாதீங்க.

இன்னொண்ணு, கீமோவும் இடுப்புல குடுக்குற ரேடியேஷனும் பின்னாடி குழந்தை பெத்துக்கிறத பாதிக்கலாம். வயசுக்கு வந்த பையன்னா விந்து சேமிச்சு வைக்கலாம், பொண்ணுன்னா சூலகத்த (கருமுட்டை உருவாகுற உறுப்ப) கதிர் படாத இடத்துக்கு நகர்த்தலாம். இத கேக்க கூச்சப்படாதீங்க, மொத கீமோ ஏறுறதுக்கு முன்னாடியே கேளுங்க.